உறை ஊற்றிய முத்திரை

வெட்டினால் செத்துப்போவதுதான் அந்த முத்திரையின் வேலை.

கீழமுனைத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கண்டெய்னரின் கதவுத் தாழ்ப்பாளிலும் கட்டைவிரல் தடிமனில் ஒரு பச்சைப் பட்டை ஒட்டியிருக்கும். உயிருள்ள பாசி. அதை வெட்டினால், கிழித்தால், குத்தினால், வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கறுத்துக்கொண்டே போய் முழுதும் செத்துவிடும். செத்ததைப் பிழைக்க வைக்க முடியாது. ஒவ்வொரு பட்டையிலும் நரம்புகள் ஓடும் விதம் வேறு என்பதால், இன்னொன்றைக் கொண்டுவந்து மாட்டவும் முடியாது. போய்ச் சேரும் ஊரில் நரம்புகளைப் படத்தோடு ஒத்துப்பார்த்து, சுங்கத்தின் திறவுநீரை ஒரு சொட்டு விடுவார்கள். பட்டை முழுதாகக் கழன்று கையில் வரும். கழன்றது மறுபடி ஒட்டாது.

சட்டமும் இதே அளவு எளிமையானது. சரக்கில் கோளாறு இருந்து, முத்திரை கறுத்திருந்தால் குற்றவாளி சரக்கைக் கொண்டுபோனவர். பச்சையாக இருந்தால் குற்றவாளி சரக்கை அடைத்து அனுப்பியவர். மனித சாட்சிகள் தேவையில்லை.

கீழமுனையின் முத்திரைக் கூடத்தில் ஜெனோவா வேலை பார்த்தாள். நுண்ணுயிரியல் படித்தவள். அவள் பதவிக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. கூடத்தில் எல்லோரும் அதை உறை ஊற்றுவது என்றார்கள்.

ஆரம்பத்தில் தாய்ப்பாசி வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து வந்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்பது விதி. கண்காணிப்பாளர் ஆவுடையப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "தயிருக்கு எவன்யா கம்பெனில போயி உறை வாங்குதான்?" என்று கேட்டாராம். வேலை முடிந்து திரும்பி வந்த ஒரு பச்சை முத்திரையில் துண்டு வெட்டி, கறுப்பு ஏறும் முன்பே சத்துநீர்த் தொட்டியில் போட்டு, இளஞ்சூட்டில் மூடி வைத்தார். மறுநாள் தொட்டி முழுக்கப் பச்சை.

அவர் அதோடு நிற்கவில்லை. கம்பெனிப் பாசி நோஞ்சானாக இருந்தது. லாரி ஒரு குழியில் இறங்கி ஏறினாலே கீறல் விழுந்து செத்துவிடும். திருட்டே நடக்காத லாரிகள் மறிக்கப்பட்டன. கப்பல்கள் காத்துக் கிடந்தன. எனவே மிக மோசமான பாதைகளில் போய், அடிபட்டு, பச்சையாகவே திரும்பிய முத்திரைகளை மட்டும் அவர் உறைக்கு எடுத்தார். அவற்றுக்கு ராசியான முத்திரை என்று பெயர் வைத்தார். வருடத்துக்கு வருடம் கறுப்பு குறைந்தது. பிறகு கறுப்பே வரவில்லை. அவருக்கு விருது கொடுத்தார்கள்.

அந்த விருதைப் பற்றி ஜெனோவா அதிகம் யோசித்ததில்லை, செல்வமாரியைக் கைது செய்யும் வரை.

செல்வமாரி பக்கத்து வீடு. மருந்துக் கம்பெனியில் பெட்டி அடைக்கும் பிரிவுக்குப் பொறுப்பாளர். இருவரும் தினமும் ஒரே ஷேர் ஆட்டோவில் போவார்கள். செல்வமாரி ஏறியதும் ஆட்டோவில் சத்தம் கூடிவிடும்.

"ஏட்டி ஜெனோ, நீயும் உறை ஊத்துத, நானும் வீட்ல உறை ஊத்துதேன். ஒனக்கு மட்டும் கவர்மெண்டு சம்பளம் குடுக்கு. என்னட்டி நியாயம்?"

ஜெனோவா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

"மாப்பிள்ள பாக்காவளாமே ஒனக்கு?"

"இல்லக்கா."

"காதப் பாருங்க! எல்லாரும் இவ காதப் பாருங்க! செவந்துட்டுல்லா?" செல்வமாரி அவள் காதைப் பிடித்து ஆட்டுவாள். "ஒனக்குப் பொய் சொல்ல வராதுட்டி. இந்தக் காத வச்சிக்கிட்டு நீ எப்படிப் பிழைக்கப் போறியோ."

அந்த மாதம் தெற்கே ஒரு தீவின் ஆஸ்பத்திரிக்குச் சலைன் போனது. பாட்டில்களில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். தெரிவதற்குள் குழந்தைகள் வார்டில் பல கட்டில்கள் காலியாகிவிட்டன. கண்டெய்னரின் முத்திரை பச்சையாக இருந்தது. நரம்புகள் படத்தோடு பொருந்தின. அப்படியானால் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே உள்ளே இருந்தது கிணற்றுத் தண்ணீர். அடைத்தது செல்வமாரி.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவளைக் கூட்டிப் போனார்கள். அவள் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பல நாள் அப்படியே கிடந்தது.

ஆட்டோவில் அவள் இடத்தில் முதல் நாள் யாரும் உட்காரவில்லை.

"பச்சையா இருந்துச்சாம்லா?" என்றாள் ஒருத்தி.

"ஆமா."

"அப்போ அவதான்."

மறுநாள் அந்த இடத்தில் ஆள் உட்கார்ந்திருந்தது.

செல்வமாரியின் வக்கீல் ஜுலைகா ஒரு மதியம் தொலைபேசியில் அழைத்தார். ஜெனோவா அப்போது உறைக்குத் துண்டு வெட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்த முத்திரையில் ஒரு துண்டை வெட்டியதும் சத்துநீரில் போட வேண்டும், மீதியை உடனே அமிலத் தொட்டியில் போட வேண்டும். தினமும் கை பழகிய வேலை. அன்று துண்டைத் தொட்டியில் போட்டுவிட்டு, மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அதன் நடுவிலும் கத்தி இறங்கி, கிட்டத்தட்ட இரண்டாகப் பிளந்திருந்தது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு புரியணும்மா," என்றார் ஜுலைகா. "முத்திரை பொய் சொல்லுமா?"

"இல்ல மேடம். அதுக்குத் தெரியாது. வெட்டுனா சாகும். அவ்வளவுதான்."

"அந்தப் பொம்பள என்கிட்ட அழவே இல்ல. 'நான் வச்சது மருந்து'ன்னு மட்டும் சொல்லுது. திரும்பத் திரும்ப."

ஜுலைகா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பாசி எப்படி வளர்கிறது, யார் வெட்டுவார்கள், எதில் வைப்பார்கள். அவள் ஒற்றை வார்த்தைகளில் பதில் சொன்னாள். பேசி முடித்து, டீ குடித்து, மேஜைக்குத் திரும்பினாள்.

தட்டில் முத்திரை பச்சையாக இருந்தது. பிளவு இல்லை.

விரலால் தடவிப் பார்த்தாள். உருப்பெருக்கியின் கீழே வைத்தாள். கத்தி போன இடத்தில் நரம்புகள் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. பழைய நரம்பு பழைய நரம்போடு. ஒன்றுகூட இடம் மாறவில்லை.

இன்னொன்றை எடுத்துத் தானே வெட்டினாள். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் வெட்டின் ஓரம் கறுத்தது. பாடத்தில் இருப்பதுபோலவே. கறுப்பு கொஞ்ச தூரம் பரவியது. பிறகு நின்றது. பிறகு மெல்லப் பின்வாங்கத் தொடங்கியது.

அதை எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள்.

ஆவுடையப்பன் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்னம்மா சொல்ல வார?"

"செத்ததையெல்லாம் தூக்கிப் போட்டோம் சார். சாகாததை மட்டும் எடுத்து வளத்தோம். திரும்பத் திரும்ப." அவள் தரையைப் பார்த்துப் பேசினாள். "ரோட்டுல கீறல் விழுந்தும் பச்சையா வந்துச்சுன்னா, அது கீறலை ஆத்திக்கிட்டுன்னு அர்த்தம். அதைத்தான் ராசின்னு சொன்னோம். இப்போ இதுக்கு எந்த வெட்டும் ஆறிரும். வழியில யாரு வேணும்னாலும் வெட்டித் திறந்து, சரக்கை மாத்திட்டு, ரெண்டு முனையையும் சேத்துவச்சா போதும்."

"அது அவனுவளுக்குத் தெரியுமா?"

"யாருக்கோ தெரிஞ்சிருக்கு சார். சலைன் தண்ணியா மாறியிருக்கே."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பச்சை முத்திரைய வச்சு எத்தன பேரு உள்ள போயிருக்காவன்னு நெனச்சுப் பாத்தியா? பாக்கிங்ல நின்னவன், சீல் வச்சவன், குடோன்காரன். எல்லாரும் நாளைக்கு வெளிய வந்து நம்ம மூஞ்சியப் பாத்து நின்னா, என்ன சொல்லுவ?"

அவள் அவர் கையிலிருந்த முத்திரையையே பார்த்தாள்.

"வேற யாருகிட்ட காட்டுன?"

"யாருகிட்டயும் இல்ல சார்."

அவர் அவள் காதைப் பார்த்தார். இல்லை, பார்த்ததுபோல் அவளுக்குத் தோன்றியது.

"நல்லது. ஒனக்கு முன்னாடி இந்த மேஜைல ரெண்டு பேரு இருந்தாவ. அவியளும் இதத்தான் கேட்டாவ." முத்திரையை அமிலத் தொட்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தார். "நல்ல பிள்ளைய. இப்போ எங்க இருக்காவன்னு தெரியல."

மறுநாள் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜுலைகாவின் அலுவலகத்துக்குப் போனாள்.

முத்திரை வழக்குகளுக்கென்று தனி மன்றம் இருந்தது. தாழ்வாரத்தில் இரண்டு பெண் காவலர்களுக்கு நடுவே செல்வமாரி நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். காலில் யாருடையதோ ரப்பர் செருப்பு.

"ஏட்டி, நீ எதுக்கு வந்த?" என்றாள். "நாலு பேரு முன்னால ஒனக்குப் பேச வராதே."

"பேசுதேன்க்கா."

"அழுதுராத. எனக்கும் வந்துரும்."

உள்ளே ஜெனோவா பேசினாள். குரல் பல முறை நின்றது. நீதிபதி பொறுமையாகக் கேட்டார். நாற்பது வயதிருக்கும் மனிதர், சளி பிடித்திருந்தது, அடிக்கடி மூக்கைத் துடைத்துக்கொண்டார். அரசு வக்கீல் நடுவில் குறுக்கிடவே இல்லை. கடைசி வரிசையில் ஆவுடையப்பன் துறையின் சார்பாக உட்கார்ந்திருந்தார்.

"சொல்றது இருக்கட்டும்," என்றார் நீதிபதி. "காட்ட முடியுமா?"

துறைமுகத்திலிருந்து புதிய முத்திரைகள் சில வந்தன. நீதிபதியே ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ஜெனோவா தன் கத்தியால் அதைக் குறுக்கே வெட்டி, இரண்டு முனைகளையும் சேர்த்துத் தட்டில் வைத்தாள். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். வெட்டின் ஓரம் கறுத்தது.

"கறுக்குதே," என்றார் நீதிபதி.

"கொஞ்ச நேரம் ஆகும் சார். நின்னு, திரும்பும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

மன்றம் கலையும் வேளை ஆகியிருந்தது. அப்போதுதான் அரசு வக்கீல் எழுந்தார். "இது யார் கையிலயும் இருக்க வேண்டாம், யுவர் ஆனர். எங்க கையிலயும் வேண்டாம், அவங்க கையிலயும் வேண்டாம். ஒரு பெட்டியில வச்சு மன்றத்தின் முத்திரை போட்டுருவோம். காலையில எல்லாரும் சேர்ந்து திறந்து பார்ப்போம்."

அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜுலைகா தலையசைத்தார்.

தட்டைத் தகரப் பெட்டியில் வைத்தார்கள். மூடி, தாழ்ப்பாளில் ஒரு பச்சைப் பட்டையை ஒட்டினார்கள். அது ஒட்டிப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் ஜெனோவாவுக்கு உறைத்தது. மன்றத்தின் முத்திரையும் அவள் தொட்டியில் வளர்ந்ததுதான்.

"மேடம், அது வேண்டாம். பூட்டு போடச் சொல்லுங்க," என்றாள். அதற்குள் நீதிபதி எழுந்து போய்விட்டார்.

காலையில் நரம்புப் படத்தை ஒத்துப்பார்த்தார்கள். பொருந்தியது. முத்திரை பச்சையாக, முழுதாக இருந்தது. எழுத்தர் திறவுநீர் ஒரு சொட்டு விட்டார். பட்டை கழன்று கையில் வந்தது. பெட்டியைத் திறந்தார்கள்.

உள்ளே இருந்தது கரிக்கட்டைபோல் கறுத்துக் கிடந்தது.

செல்வமாரி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கறுப்பின் அர்த்தம் புரிய ஒரு கணம் ஆனது. பிறகு ஜெனோவாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

ஜெனோவா தட்டருகே குனிந்தாள். வெட்டுப்பட்டுச் செத்த பாசி அழுகிய கடற்பாசிபோல் நாறும். இது மூக்கைக் குத்தியது. தினமும் அவள் மூக்கில் ஏறும் நெடி. கறுப்பின் ஓரத்தில் மெல்லிய மஞ்சள்.

"இது வெட்டுனதால சாகல சார். அமிலம் ஊத்தியிருக்காங்க. பெட்டியை யாரோ திறந்திருக்காங்க."

நீதிபதி குனிந்து முகர்ந்தார். சளி. தலையை ஆட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"பெட்டி முத்திரை முழுசா இருந்ததா, இல்லையா?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"இருந்துச்சு."

"நரம்பு பொருந்துச்சா?"

"பொருந்துச்சு. ஆனா வெட்டிட்டு ஒட்ட வச்சிருக்காங்க. அது ஆறிருக்கு."

"ஆறும்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

அவள் தட்டைக் காட்ட வாயெடுத்தாள். தட்டில் கறுப்பு.

"நேத்து ஆறும்னு காட்ட வந்தீங்க. ஆறல. இப்போ பெட்டியைத் திறந்தாங்கன்னு சொல்றீங்க, ஏன்னா முத்திரை ஆறும்னு சொல்றீங்க." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அமிலம் இருந்துச்சுன்னே வச்சுக்குவோம். பெட்டியை யாரும் திறக்கல. அப்போ அமிலம் எங்க இருந்துச்சு? உங்க கத்தியிலயா?"

மன்றத்தில் யாரோ சிரித்தார்கள்.

இன்னொரு முறை சோதிக்கச் சொல்லி ஜுலைகா கேட்டார். தேவைப்பட்டால் துறையே சோதித்து அறிக்கை தரட்டும் என்றார் நீதிபதி. அறிக்கை சீக்கிரமே வந்தது. ஒரே வரி: வெட்டினால் முத்திரை சாகிறது. கீழே ஆவுடையப்பனின் கையெழுத்து.

தீர்ப்பு அன்று செல்வமாரியை வேனில் ஏற்றும்போது ஜெனோவா ஓடிப்போய் அவள் செருப்பை நீட்டினாள். வீட்டு வாசலிலிருந்து எடுத்து வந்தது. காவலர் வாங்க விடவில்லை. வெளியிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாதாம்.

"பத்திரமா வையிட்டி," என்றாள் செல்வமாரி கம்பிக்கு உள்ளிருந்து. "வந்து போட்டுக்கிடுதேன்."

வேன் போன பிறகு ஜுலைகா கறுப்பு அங்கியைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார்.

"மேல்முறையீடு இருக்கு. அந்தத் தீவுக்குப் போற வழியில ஒரே ஒரு முத்திரை கறுத்து வந்தாக்கூடப் போதும். அந்தப் பாதையில திருடன் இருக்கான்னு ஆயிரும். மத்ததை நான் பேசிக்குவேன்." அங்கியை இன்னொரு முறை மடித்தார். "ஆனா இனி அது கறுக்காது, இல்லயா?"

"கம்பெனிப் பாசியா இருந்தா கறுக்கும் மேடம். எங்க பாசி கறுக்காது."

அவளை வேலையை விட்டு எடுக்கவில்லை. "சின்னப் பொண்ணு, குழம்பிட்டா" என்று ஆவுடையப்பனே மேலிடத்தில் சொல்லிக் காப்பாற்றியதாகக் கூடத்தில் பேசிக்கொண்டார்கள். அவளிடம் வேறு மாதிரி சொன்னார்.

"வெளிய அனுப்புனா நாலு இடத்துல போயி நிப்ப. இங்கயே கெட. என் கண்ணு முன்னால."

அவள் வேலைக்குத் திரும்பிய முதல் காலை அவர் ஒரு சின்னத் தட்டோடு வந்தார். தட்டில் ஒரு பச்சைப் பட்டை.

"கோர்ட்டுப் பெட்டித் தாழ்ப்பாள்ல ஒட்டியிருந்த முத்திரைம்மா. இன்னைக்கு இத ஊத்து. கோர்ட்டுக்கே போயி ஜெயிச்சிட்டு வந்திருக்கு, இதவிட ராசி எதுக்கு இருக்கு?"

அவள் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஒரு கோடு இல்லை.

தட்டை நீட்டிய கையின் ஆள்காட்டி விரல் நுனி மஞ்சளாக இருந்தது. நகத்தோரம் வரை. நைட்ரிக் அமிலம் தோலில் பட்டால் வரும் மஞ்சள். சோப்பில் போகாது. தோல் உரிந்துதான் போகும்.

அவர் அவள் பார்வையைக் கவனித்தார். கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

"மஞ்சப்பொடி," என்றார். "வீட்ல பூசை. கழுவக் கழுவப் போவ மாட்டேங்கு."

"ஆமா சார். போகாது."

அவர் வெளியே போய் ஜன்னலருகே நின்று யாரிடமோ கப்பல் நேரம் பேசத் தொடங்கினார்.

ஜெனோவா கத்தியை எடுத்துத் துண்டு வெட்டினாள். மீதியை அமிலத்தில் போட்டாள். தொட்டியின் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தாள். இளஞ்சூடு. சரியான பதம். அம்மா இப்படித்தான் பால் சட்டியில் விரலை விட்டுப் பார்ப்பாள். சூடு மிஞ்சிய பாலில் உறை ஊற்றினால் தயிர் ஆகாது. இது தெரியாத வீடு கிடையாது. இதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம்.

சூட்டைக் கூட்டும் குமிழைப் பிடித்தாள். அது வழுவழுப்பாக இருந்தது. திருப்பினாள். பிறகு இன்னும் கொஞ்சம். நீரில் ஆவி எழும்வரை காத்திருந்து, துண்டை உள்ளே விட்டாள். அது ஒரு முறை சுருண்டது.

நாளைக்குத் தொட்டியில் பச்சை இருக்காது. இன்னொரு முத்திரையைக் கொண்டுவந்து ஊற்றச் சொல்வார்கள். அதையும் அவள்தான் ஊற்றுவாள். மறுநாளும். முத்திரை இல்லாமல் கண்டெய்னர்கள் வரிசையில் நிற்கும், கப்பல்கள் நிற்கும். கடைசியில் வேறு வழியில்லாமல் கம்பெனிக்கு எழுதித் தாய்ப்பாசி வரவழைப்பார்கள். வெட்டினால் சாகிற பாசி. தீவுக்குப் போகும் வழியில் பழக்கதோஷத்தில் ஒருவன் கத்தியை எடுப்பான்.

அதுவரை ஒவ்வொரு நாளும் இந்த ஜன்னலுக்கு அவள் பதில் சொல்ல வேண்டும்.

"ஊத்திட்டியாம்மா?" ஆவுடையப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஊத்திட்டேன் சார்."

"சூடு பாத்தியா?"

"பாத்தேன் சார். எப்பவும் போலதான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூடியைச் சாத்திவிட்டு, ஜெனோவா கையைத் துடைத்துக்கொண்டு, காதைத் தொட்டுப் பார்த்தாள்.

குளிர்ந்திருந்தது.